ஜெல்லில் விடாமல் வரும் 70 கிலோடால்டன் பட்டை

கேள்வி (மாலை_ஷிப்ட்):
ஈ.கோலை பாக்டீரியாவில் 32 கிலோடால்டன் எடையுள்ள புரதம் ஒன்று தயாரிக்கிறேன். நிக்கல் பிசினில் (ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலத்தைப் பிடித்துக்கொள்ளும்) சுத்தம் செய்து, புரதங்களை எடைவாரியாகப் பிரிக்க ஜெல் ஓட்டினால், 70 பக்கத்தில் இன்னொரு பட்டை, ஒவ்வொரு தடவையும். "அது டிஎன்ஏகே, மற்ற புரதங்கள் மடிய உதவும் ஈ.கோலையின் சொந்தப் புரதம். ஏடிபியும் (செல்லின் எரிபொருள் மூலக்கூறு) மெக்னீசியமும் போட்டுக் கழுவு, போயிடும்" என்று சொல்லிவிட்டு சீனியர் டீ குடிக்கப் போய்விட்டார். கழுவினேன், முக்கால்வாசி போய்விட்டது. ஆனால் என் புரதத்தை இந்த பாக்டீரியா ஜென்மத்தில் பார்த்ததில்லையே, எதை வைத்து அடையாளம் கண்டு பிடித்தது?

குடுவை:
பூட்டு-சாவியை மறந்துவிடுங்கள். மடியாமல் நீண்டு கிடக்கும் ஒரு துண்டு போதும்: நடுவில் லியூசின் மாதிரி தண்ணீர் பிடிக்காத அமினோ அமிலங்கள் நாலைந்து, இரு பக்கமும் ஆர்ஜினினோ லைசினோ இருந்தால் இன்னும் விருப்பம், எதிர்மின்னூட்டம் இருந்தால் ஆகாது. 1997இல் புகாவ் குழு 37 புரதங்களைச் சிறு சிறு பெப்டைடுகளாக (குட்டிப் புரதத் துண்டுகளாக) செய்து பார்த்ததில், சராசரியாக 36 அமினோ அமிலத்துக்கு டிஎன்ஏகே ஒட்டும் ஓர் இடம் கிடைத்தது. உங்களுடையதில் எட்டு இடமாவது இருக்கும். ஒழுங்காக மடிந்த புரதத்தில் இவை பெரும்பாலும் உள்ளே புதைந்திருக்கும். வெளியே தெரிந்தால் இன்னும் மடியவில்லை என்று அர்த்தம், அதற்கு அந்த அடையாளமே போதும்.

எக்ஸ்ரே_பைத்தியம்:
1996இல் வந்த, பெப்டைடைப் பிடித்த டிஎன்ஏகேயின் படிக அமைப்பைப் பாருங்கள், அழகு! ஏழு அமினோ அமிலப் பெப்டைடு, வரிசையாக மூன்று லியூசின். நடு லியூசின் மட்டும் ஒரு குழிக்குள் கச்சிதமாக உட்கார்ந்திருக்கும். மற்றபடி டிஎன்ஏகே பிடித்திருப்பது பெரும்பாலும் பெப்டைடின் முதுகெலும்பை (அமினோ அமிலங்களைக் கோக்கும் சங்கிலியை), ஹைட்ரஜன் பிணைப்பால். முதுகெலும்பு எல்லாப் புரதத்துக்கும் ஒன்றுதானே, அதனால்தான் முன்பின் தெரியாத புரதமும் சிக்குகிறது.

குடுவை:
ஏடிபி விஷயத்தை விட்டுவிட்டேன். ஏடிபி இருந்தால் டிஎன்ஏகேயின் மேல் மூடி திறந்து பெப்டைடு சட்டென்று வரும், போகும். அந்த ஏடிபி உடைந்தபின் மூடி இறங்கிவிடும், பெப்டைடு மாட்டிக்கொள்ளும். டிஎன்ஏஜே என்ற துணைப் புரதம் அந்த உடைப்பை வேகப்படுத்தும். செல்லை உடைத்த கரைசலில் ஏடிபி தீர்ந்துபோவதால் இறங்கிய மூடி அப்படியே நிற்கிறது. நீங்கள் ஏடிபி ஊற்றியதும் திறந்தது.

பழைய_சென்ட்ரிபியூஜ்:
மீதி கால்வாசி டிஎன்ஏகேதானா? ஆர்ன்ஏ என்று 74 கிலோடால்டனில் இன்னொரு ஈ.கோலைப் புரதம் உண்டு, தன் ஹிஸ்டிடினாலேயே நிக்கலில் ஒட்டும், ஏடிபிக்கு அசையாது. கழுவும்போது இமிடசோலை (நிக்கலுக்காக ஹிஸ்டிடினோடு போட்டியிடும் வேதிப்பொருள்) கொஞ்சம் கூட்டிப் பாருங்கள்.

மாலை_ஷிப்ட்:
ஐயோ, அது வேறயா! சரி, நாளைக்கு இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் ஓட்டிவிட்டுச் சொல்கிறேன்.