புதுப்பிப்பு: மகளின் நடைக்குக் காரணம் தெரிந்துவிட்டது

காலையில் நன்றாக நடக்கும் என் ஏழு வயது மகள், சாயங்காலமானால் வலது பாதம் உள்பக்கம் திரும்பித் தடுமாறுகிறாள் என்று முன்பு எழுதியிருந்தேன். பெருமூளை வாதம், அதாவது மூளைப் பாதிப்பால் வரும் அசைவுக் குறைபாடு என்று சொல்லியிருந்தார்கள். "தூங்கி எழுந்தால் சரியாகிறதா, பாருங்கள்" என்று ஒருவர் பதில் போட்டிருந்தார். அந்த ஒரு வரிதான் வழிகாட்டியது.

ஒரு வாரம் காலையும் மாலையும் அவள் நடப்பதை வீடியோ எடுத்தேன். மதியம் தூங்கிய நாட்களில் மாலை நடை தேறியிருந்தது. புதிதாகப் பார்த்த நரம்பியல் மருத்துவர், செகாவா நோயாக இருக்கலாம் என்றார். உடல் அசைவைச் சீராக்கும் டோபமைன் என்ற வேதிப்பொருள் மூளையில் போதிய அளவு உருவாகாததால் வருவது. ஜப்பானிய மருத்துவர் மசாயா செகாவா 1970களில் விவரித்தது. மூளையில் டோபமைனாக மாறும் லெவோடோபா மாத்திரையைக் குறைந்த அளவில் கொடுத்துப் பார்த்தோம். நான்காம் நாள் சாயங்காலம், கைப்பிடியைத் தொடாமல் மாடிப்படி ஏறினாள். நான் கீழேயே நின்றுவிட்டேன்.

அப்புறம் மரபணுப் பரிசோதனையில், டோபமைன் உருவாகத் தேவையான ஜிசிஎச்1 என்ற மரபணுவில் மாற்றம் இருப்பது உறுதியானது. மாத்திரை வாழ்நாள் முழுக்க வேண்டும். சரி, அது பரவாயில்லை. முன்பு மூளை எம்ஆர்ஐயில் ஒன்றுமில்லை என்றபோதே, அப்புறம் எப்படி பெருமூளை வாதம் என்று நான் விடாமல் கேட்டிருக்க வேண்டும். உங்கள் குழந்தைக்கும் இப்படி மாலையில் நடை மோசமானால், லெவோடோபா கொடுத்துப் பார்க்கலாமா என்று மருத்துவரிடம் கட்டாயம் கேளுங்கள். இந்த மரபணு மாற்றம் பெற்றோரிடமிருந்து வரலாம் என்பதால், அடுத்து எனக்கும் கணவருக்கும் பரிசோதனை.