கச்சேரி வீடியோவில் ஒலி கரகரக்கிறது: சரிசெய்ய வழி உண்டா?

ஹாரோ சித்தி:
அனைவருக்கும் வணக்கம். 2023 ஜூனில் லண்டன் வெம்பிளி ஸ்டேடியத்தில் பாப் பாடகர் ஹாரி ஸ்டைல்ஸ் பாடியபோது அக்கா மகளை அழைத்துப் போயிருந்தேன். ஹாரியும் நைல் ஹோரனும் இருந்த ஒன் டைரக்‌ஷன் பாப் குழுவினர் ஆளுக்கொரு திசையில் பிரிந்தபோது அவள் சின்னக் குழந்தை. அந்தக் குழுவில் இருந்தவர்களில் யார் எங்கே பாடினாலும் அவளுக்குத் தெரிந்திருக்கிறது.

சிக்கல் இதுதான். கைபேசியில் எடுத்த வீடியோக்களில் படம் பளிச்சென்று இருக்கிறது, ஒலி மட்டும் சகிக்கவில்லை. ஆனால் எல்லாப் பாட்டிலும் இல்லை. ‘மட்டில்டா’ சுத்தமாகக் கேட்கிறது. ‘சைன் ஆஃப் த டைம்ஸ்’ பாட்டில் பியானோவும் குரலும் மட்டும் இருக்கும் வரை குறையில்லை. டிரம்ஸ் சேர்ந்ததும் கரகரப்பு தொடங்கிவிடுகிறது. கடைசியில் பாடிய ‘கிவி’ முழுவதும் தகர டப்பாவில் கூழாங்கல்லைப் போட்டுக் குலுக்கியதுபோல் இருக்கிறது.

இதைச் சரிசெய்ய முடியுமா? 2024 மார்ச்சில் நைல் ஹோரன் வெம்பிளி அரீனாவுக்கு வருகிறார், டிக்கெட் வாங்கியாகிவிட்டது. அப்போதும் இதே கதை ஆகாமல் இருக்க என்ன செய்யலாம்?

ஒலிப்பெட்டி:
எங்கே நின்றீர்கள்? மேடைக்கு எவ்வளவு பக்கம்? வீடியோவைக் கணினியில் கேட்டாலும் இப்படித்தானா, இல்லை கைபேசியின் ஸ்பீக்கரில் மட்டுமா?

ஹாரோ சித்தி:
கணினியில் ஹெட்போன் வைத்துக் கேட்டாலும் அப்படியே. மேடைக்கு இடப்பக்கம், தடுப்புக் கம்பியை ஒட்டி நின்றோம். தரையில் வரிசையாகக் கறுப்புப் பெட்டிகள் வைத்திருந்தார்கள். பாட்டு ஏறும்போது சட்டையே அதிர்ந்தது.

ஒலிப்பெட்டி:
அந்தக் கறுப்புப் பெட்டிகள்தான் காரணம். பாஸ் என்ற கனத்த அடி ஒலிக்கென்றே வைக்கும் சப்வூஃபர் ஸ்பீக்கர்கள் அவை. பேச்சைப் பதிவு செய்யத்தான் கைபேசி மைக்கைச் செய்திருக்கிறார்கள். அதற்கு எதிரே டிரம்ஸின் உதையும் பாஸ் கிதாரும் சேர்ந்து வந்தால், மைக்கும் அதன் பின்னே உள்ள மின்சுற்றும் தாங்கும் எல்லையை ஒலி தாண்டிவிடுகிறது. அலையின் உச்சி வெட்டுப்பட்டுத் தட்டையாகிவிடும். நீங்கள் கேட்கும் கரகரப்பு அந்த வெட்டுதான்.

உங்கள் விவரத்திலேயே விடை இருக்கிறது, அக்கா. ‘மட்டில்டா’ மென்மையான கிதாரும் குரலுமாகப் போகும் பாட்டு, அதனால் தப்பியது. மைக் பழுதாகியிருந்தால் அதுவும் கெட்டிருக்கும்.

இந்தத் தனிக் கச்சேரிகளில் இது அதிகம் நடப்பதற்கு ஒரு காரணம் உண்டு. ஹாரியின் ‘லவ் ஆன் டூர்’ கச்சேரிப் பயணம் முழுக்க முழுக்க நேரடி இசைக்குழுவோடு நடந்தது. அதில் டிரம்ஸ் வாசித்த சாரா ஜோன்ஸ் அடக்கி வாசித்து யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். ஒரே பாட்டுக்குள் முணுமுணுப்பிலிருந்து இடிமுழக்கம் வரை ஏறி இறங்குகிறார்கள். நேரில் சுகம், கைபேசிக்குத் திண்டாட்டம்.

பழைய வீடியோவை ஓரளவு தேற்றலாம். ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருளில் ‘கிளிப் ஃபிக்ஸ்’ என்று ஒரு வசதி இருக்கிறது. முதலில் ஒலியளவைக் குறைத்துக்கொள்ளுங்கள்; உச்சியை மீட்டு வரைய மேலே இடம் வேண்டும். பிறகு அலைவடிவத்தை நன்றாகப் பெரிதாக்கி, உச்சிகள் எந்த உயரத்தில் தட்டையாகின்றன என்று பார்த்து அதற்கேற்ப வரம்பை வையுங்கள். மைக்கில் வெட்டுப்பட்ட பிறகு கைபேசி தானாகவே ஒலியைக் குறைத்திருந்தால், தட்டையான பகுதி முழு உயரத்துக்குக் கீழேயே இருக்கும். அதைக் கவனிக்காமல் விட்டால் மென்பொருளுக்கு வெட்டே தெரியாது. ‘சைன் ஆஃப் த டைம்ஸ்’ தேறும். ‘கிவி’யை மறந்துவிடுங்கள். போன ஒலி போனதுதான்.

நடுநிசி:
மைக் துளையின் மேல் செலோடேப் ஒட்டினால் போதும். நான் எப்போதும் அப்படித்தான் செய்கிறேன்.

ஒலிப்பெட்டி:
தம்பி, டேப் தடுப்பது பெரும்பாலும் மேல்சுருதி ஒலியை. குரலின் தெளிவு போய்விடும், பாஸ் சுவரையே துளைத்து வருவது, டேப்பைத் தாண்டாதா? தொல்லை செய்வது எதுவோ அதை விட்டுவிட்டு நல்லதைத் தடுக்கும் வைத்தியம் இது.

நைல் ஹோரன் கச்சேரிக்கு இப்படிச் செய்யுங்கள். ஒலி அளவைக் கையால் குறைக்கும் வசதியுள்ள வீடியோ செயலி ஒன்றை இறக்கிக்கொள்ளுங்கள். மிக உரத்த இடத்திலும் அளவுகோல் உச்சிக்கு 12 டெசிபல் கீழேயே நிற்கும்படி வையுங்கள். குறைவாகப் பதிவானதை வீட்டில் கூட்டிக்கொள்ளலாம், வெட்டுப்பட்டதைக் கூட்ட முடியாது. நிற்கும் இடம் இன்னும் முக்கியம். சப்வூஃபருக்கு நேர் எதிரே வேண்டாம். ஒலிப் பொறியாளரின் மேசைக்குப் பக்கம் நின்றால் அவர் காதுக்குக் கேட்பது உங்களுக்கும் கேட்கும்.

ஹாரோ சித்தி:
முன்வரிசையை விட்டு அவள் ஓரடி பின்னே வரமாட்டாள்.

ஒலிப்பெட்டி:
அப்படியானால் அவள் முன்னே நிற்கட்டும், படம் எடுப்பவர் பின்னே போகட்டும்.

வாத்தியார்:
ஒரு குறுக்குக் கேள்வி. காதுக்கு என்ன செய்தீர்கள்? இசை நிகழ்ச்சிகளில் சராசரி ஒலி 100 டெசிபலைத் தாண்டக் கூடாது என்று உலக சுகாதார அமைப்பு 2022-இல் வரையறுத்தது. மைக் கதறிய இடத்தில் பிள்ளையின் காதும் இருந்திருக்கிறது. இசைக்கென்றே வடிகட்டி வைத்த காதடைப்பான்கள் கிடைக்கின்றன. பாட்டு மங்காது, அளவு மட்டும் குறையும். வீடியோவை விட இதைத்தான் நான் முதலில் வாங்குவேன்.

ஹாரோ சித்தி:
நன்றி ஐயா, இருவருக்குமே வாங்குகிறேன். ஒலிப்பெட்டி அண்ணா, அந்தச் செயலியை வீட்டில் வைத்து எப்படிச் சோதிப்பது? எங்கள் டிவி அவ்வளவு சத்தம் போடாது.

ஒலிப்பெட்டி:
முதலில் எந்த மைக் வேலை செய்கிறது என்று பாருங்கள். வீடியோ எடுத்துக்கொண்டே கைபேசியின் அடிப்பக்கத் துளை, கேமராவுக்குப் பக்கத்துத் துளை இரண்டையும் நகத்தால் மெல்லச் சுரண்டுங்கள். பதிவில் எது பெரிதாகக் கேட்கிறதோ அதைக் கச்சேரியில் விரலோ உறையோ மூடக் கூடாது. சுற்றிலும் தமிழ்க் கோயில்கள் இருக்கும் லண்டன் ஹாரோவில் இருந்துகொண்டு சத்தத்துக்குக் கவலைப்படுவானேன்? திருவிழா நாளில் கோயிலுக்குப் போய்த் தவிலுக்கு இரண்டடி தள்ளி நில்லுங்கள். தவிலைத் தாங்கிய அமைப்பு நைல் ஹோரனைத் தாங்கும்.

நடுநிசி:
தரமான பதிவுதான் வேண்டும் என்றால் முறையாக வெளியானவை இருக்கின்றனவே. 2020 நவம்பரில் நைல் ஹோரன் ராயல் ஆல்பர்ட் ஹாலில் ஆளே இல்லாத அரங்கில் பாடி இணையத்தில் ஒளிபரப்பினார். கொரோனாவில் வேலை இழந்த மேடைப் பணியாளர்களுக்கு நிதி திரட்ட நடத்தியது. ஒலியில் ஒரு பிசிறு கிடையாது.

ஹாரோ சித்தி:
பார்த்தோம். “நாங்கள் கத்துவது இதில் இல்லையே” என்று பாதியில் எழுந்து போய்விட்டாள்.

சௌத்ஹால் மாமி:
இடையில் புகுவதற்கு மன்னிக்கவும். என் மகன் எடுத்த வீடியோவில் கரகரப்பே இல்லை. ஆனால் ஹாரி ‘வாட் மேக்ஸ் யூ பியூட்டிஃபுல்’ பாடும்போது அவர் குரல் கேட்கவில்லை, பக்கத்தில் நின்ற பெண் பாடுவதுதான் முதல் வரி முதல் கடைசி வரை கேட்கிறது. அதுவும் சுருதி சேராமல். அந்தக் குரலை மட்டும் நீக்க முடியுமா?

ஒலிப்பெட்டி:
முடியாது மாமி. அந்தப் பாட்டை ஐந்து பேர் பங்கிட்டுப் பாடினார்கள். இப்போது மேடையில் ஒருவர்தான். மீதி நால்வரின் பங்கைக் கூட்டம் எடுத்துக்கொள்கிறது. குரலையும் வாத்தியத்தையும் பிரிக்கும் மென்பொருள்கள் உண்டு, ஆனால் அவை இரண்டு குரலையும் ஒரே கூடையில் போட்டுவிடும். அந்தப் பெண்ணை நீக்கினால் ஹாரியும் கூடவே போவார்.