வீட்டுக் குழு: ஒபாமாகேரை ஏன் ரத்து பண்ண முடியல?

அபி: சித்தப்பா, அத்தை, மாமா, எல்லாரும் இருக்கீங்களா? சட்டக் கல்லூரி செமினார்ல எனக்கு ஒபாமாகேர் எதிர்ப்பு அரசியல் தலைப்பு வந்திருக்கு. 2010ல அமெரிக்காவுல ஒபாமா கொண்டுவந்த மருத்துவ இன்சூரன்ஸ் சட்டம். ரத்து பண்ணுவோம்னு சொல்லியே ரிபப்ளிகன் கட்சி தேர்தல் தேர்தலா ஓட்டு கேட்டிருக்கு. ஆனா சட்டம் இன்னும் இருக்கு. எங்க போய் முட்டிச்சு?

முரளி சித்தப்பா: ரத்து பண்ணலங்கிறது பாதி உண்மைதான் அபி. மொத்தமா எடுக்க முடியல. ஆனா ஒவ்வொரு பாகமா கழட்டியிருக்காங்க. அதைப் புரிஞ்சுக்க சட்டம் எப்படி நிக்குதுன்னு முதல்ல பாரு.

முரளி சித்தப்பா: அதை முக்காலின்னு வச்சுக்கோ. முதல் கால்: ஏற்கனவே நோய் இருக்குன்னு இன்சூரன்ஸ் கம்பெனி யாரையும் தள்ளக்கூடாது, பிரீமியத்தைக் கூட்டவும் கூடாது. அது மட்டும் இருந்தா நோய் வந்தப்புறம் சேர்ந்துக்கலாம்னு எல்லாரும் காத்திருப்பாங்க. அதுக்குத்தான் ரெண்டாவது கால்: இன்சூரன்ஸ் எடுக்காதவங்களுக்கு அபராதம். கட்ட முடியாதவங்களுக்கு என்ன வழி? மூணாவது கால், அரசு சப்சிடி. இது போக, ஏழைகளுக்கான அரசு இன்சூரன்ஸ் மெடிக்கெய்டை, வறுமைக்கோட்டு வருமானத்துல 138% வரைக்கும் விரிவாக்கினாங்க.

கவிதா அத்தை: எதிர்ப்பு கொதிச்சது அந்த ரெண்டாவது கால்லதான். இத்தனைக்கும் எல்லாரும் இன்சூரன்ஸ் எடுக்கணுங்கிற யோசனையை 1989ல முன்வச்சது ஹெரிடேஜ் பவுண்டேஷன், வலதுசாரி அமைப்பு. 2006ல மாசசூசெட்ஸ்ல அமல்படுத்தினது ரிபப்ளிகன் கவர்னர் மிட் ராம்னி.

செந்தில் மாமா: அதனால எதிர்ப்பு வெறும் அரசியல்னு எழுதிடாதே அபி. மாநில அரசு செய்யறது வேற, மத்திய அரசு செய்யறது வேற. வணிகத்தை ஒழுங்குபடுத்துற அதிகாரம் காங்கிரஸுக்கு, அதாவது அமெரிக்க நாடாளுமன்றத்துக்கு இருக்கு. எதையுமே வாங்காம சும்மா இருக்கிறவனை "வாங்கு"ன்னு சொல்ல அந்த அதிகாரம் பத்துமா? 26 மாநிலம் கோர்ட்டுக்குப் போனது இதுக்குத்தான். 2012 ஜூன் 28 தீர்ப்பைப் படி. வணிக அதிகாரத்தின் கீழ் செல்லாதுன்னு சுப்ரீம் கோர்ட் தலைமை நீதிபதி ராபர்ட்ஸ் எங்க பக்கம்தான் சொன்னார். ஆனா அபராதத்தை வரியாப் பார்த்தா செல்லும்னு 5-4ல காப்பாத்திட்டார்.

செந்தில் மாமா: இன்னொரு நியாயமும் இருக்கு. 64 வயசுக்காரருக்கு ஆகிற மருத்துவச் செலவு, 21 வயசுப் பையனுக்கு ஆகிறதைப் போல கிட்டத்தட்ட 5 மடங்கு. சட்டம் பிரீமியத்துல 3 மடங்கு வித்தியாசம்தான் அனுமதிக்குது. மிச்சத்தை சின்ன வயசுக்காரங்க தலையில கட்டியாச்சு. சொந்தத் தொழில் பண்றவங்க, சப்சிடி வரம்புக்குக் கொஞ்சம் மேல இருக்கிறவங்க, இவங்களுக்கு அது நிஜமான சுமை. "பிடிச்ச பிளானை வச்சுக்கலாம்"னு ஒபாமா சொன்ன வாக்கும் 2013ல பொய்யாச்சு. லட்சக்கணக்கானவங்களுக்கு ரத்து கடிதம் வந்துச்சு.

முரளி சித்தப்பா: அதுல மச்சான் சொல்றது சரி. அந்த வாக்குறுதியைக் குடுத்திருக்கவே கூடாது.

அபி: முதியவங்களுக்கு "மரணக் குழு"ன்னு ஒரு பிரச்சாரம் இருந்துச்சாமே?

கவிதா அத்தை: அது சுத்தப் பொய்ம்மா. பிரதிநிதிகள் சபை மசோதாவுல 1233ன்னு ஒரு பிரிவு. கடைசிக் காலத்துல எந்த சிகிச்சை வேணும், எது வேண்டாம்னு நோயாளி விருப்பப்பட்டு டாக்டர்கிட்ட பேசினா, அந்த நேரத்துக்கு முதியவங்களுக்கான அரசு இன்சூரன்ஸ் மெடிகேர் டாக்டருக்குக் காசு குடுக்கும். அவ்வளவுதான். அதைத்தான் 2009 ஆகஸ்ட்ல ரிபப்ளிகன் தலைவர் சாரா பேலின் "மரணக் குழு"ன்னு எழுதினாங்க. கடைசியில வந்த சட்டத்துல அந்தப் பிரிவே இல்ல. அப்புறம் 2016லிருந்து மெடிகேர் அதே பேச்சுக்குக் காசு குடுக்குது.

அபி: சரி, ரத்து ஏன் நடக்கல?

முரளி சித்தப்பா: செனட் விதியால. இதை செமினார்ல அழுத்திச் சொல்லு, பலர் தவறவிடுற இடம். சாதாரண மசோதாவுக்கு விவாதத்தை முடிக்கவே 60 ஓட்டு வேணும். பட்ஜெட் ரிகன்சிலியேஷன்ங்கிற தனி வழியா வந்தா பாதிக்கு மேல இருந்தா போதும். ஆனா அந்த வழியில வரவு செலவைத் தொடுற விஷயம்தான் வரலாம், பேர்ட் விதின்னு பேர். அதாவது சப்சிடி, அபராதம், மெடிக்கெய்ட் பணம், இதையெல்லாம் வெட்டலாம். நோயாளியைத் தள்ளக்கூடாதுங்கிற முதல் காலைத் தொட முடியாது. ரெண்டு காலை எடுத்துட்டு ஒரு காலை விட்டா என்ன ஆகும்? நோயாளிகள் மட்டும் சேருவாங்க, பிரீமியம் ஏறும், ஆரோக்கியமானவங்க விலகுவாங்க, இன்னும் ஏறும்.

முரளி சித்தப்பா: 2017ல அங்கதான் முட்டிச்சு. மே 4ல பிரதிநிதிகள் சபையில 217-213ல தாண்டினாங்க. ஜூலை 28 நடுராத்திரி தாண்டி செனட்ல 49-51. ஜான் மெக்கெய்ன், சூசன் காலின்ஸ், லிசா மர்கவ்ஸ்கி மூணு பேரும் சொந்தக் கட்சிக்கு எதிரா ஓட்டு போட்டாங்க.

கவிதா அத்தை: அதோட மாற்றுத் திட்டமும் கையில இல்ல. 7 வருஷம் ரத்துன்னு சொன்னவங்க, அதுக்குப் பதிலா என்னன்னு ஒத்த முடிவுக்கு வரவே இல்ல.

செந்தில் மாமா: ஒத்துக்கறேன். எங்க பக்கத்துப் பெரிய குறை அதுதான்.

அபி: அப்புறம் கழட்டினது எப்படி?

முரளி சித்தப்பா: 2017 டிசம்பர் வரிச் சட்டத்துல அபராதத்தை 2019லிருந்து பூஜ்யம் ஆக்கினாங்க. அதுவரை ஆளுக்கு 695 டாலர், இல்ல வருமானத்துல 2.5%, எது அதிகமோ அது. உடனே டெக்சாஸ் தலைமையில வழக்கு: "வரின்னு சொல்லித்தானே காப்பாத்தினீங்க, இப்ப வரி பூஜ்யம், அதனால மொத்தச் சட்டமும் போகணும்"னு. 2021 ஜூன்ல சுப்ரீம் கோர்ட் 7-2ல தள்ளுபடி பண்ணுச்சு. பூஜ்யம் அபராதத்தால யாருக்கும் பாதிப்பு இல்ல, அதனால வழக்கு போடவே தகுதி இல்லைன்னுட்டாங்க.

அபி: அபராதம் போனதும் சந்தை ஏன் கவிழல? முக்காலியில ஒரு கால் போச்சே?

கவிதா அத்தை: சப்சிடி எப்படிக் கணக்கிடுறாங்கன்னு பார்த்தா புரியும். நடுத்தர ரகமான சில்வர் பிளான்கள்ல ரெண்டாவது குறைஞ்ச விலை எதுவோ அதை எடுத்து, உன் வருமானத்துல குறிப்பிட்ட சதவீதத்தைக் கழிச்சு, மிச்சத்தை அரசு குடுக்கும். பிரீமியம் ஏறினா சப்சிடியும் ஏறும். அதனால சப்சிடி வாங்குறவங்க விலகல.

கவிதா அத்தை: இதுல ஒரு விஷயம் பாரு. 2017 அக்டோபர்ல டிரம்ப் அரசு இன்னொரு பணத்தை நிறுத்துச்சு. குறைஞ்ச வருமானக்காரங்க சில்வர் எடுத்தா டிடக்டிபிளை, அதாவது இன்சூரன்ஸ் தர ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி நம்ம கைக்காசுல கட்டுறதை, கம்பெனி குறைச்சே ஆகணும்னு சட்டம். அந்தக் காசை அரசு கம்பெனிக்குக் குடுத்துட்டு இருந்துச்சு, அது நின்னுபோச்சு. ஆனா கம்பெனியோட கடமை போகல. என்ன பண்ணாங்க? பெரும்பாலான மாநிலத்துல நஷ்டம் முழுக்க சில்வர் பிரீமியத்து மேலயே ஏத்தினாங்க. சில்வர் விலை ஏற, சப்சிடி ஏறுச்சு. அந்தப் பெரிய சப்சிடியை விலை குறைஞ்ச ப்ரான்ஸ் (வெண்கல) பிளானுக்குப் போட்டா பலருக்கு மாசம் பூஜ்யம் டாலர். மிச்சம் பண்ணப் பார்த்த அரசுக்கு செலவு கூடிடுச்சு. சப்சிடி இல்லாதவங்க மட்டும் மாட்டிக்கிட்டாங்க.

முரளி சித்தப்பா: சத்தமே இல்லாம நடந்த வெட்டு இன்னொண்ணு. முதல் மூணு வருஷம் நஷ்டப்படுற கம்பெனிக்கு அரசு ஈடு குடுக்கும்னு சட்டத்துல இருந்துச்சு. 2014 டிசம்பர் பட்ஜெட்ல ஒரு சின்ன வாசகம் சேர்த்து அந்தப் பணத்தைத் தடுத்தாங்க. 2014க்கு கம்பெனிகள் கேட்டதுல 12.6%தான் கைக்கு வந்துச்சு. புதுசா ஆரம்பிச்ச கூட்டுறவு இன்சூரன்ஸ் 23ல பாதிக்கு மேல மூடினதுக்கு இது ஒரு பெரிய காரணம். 2020ல சுப்ரீம் கோர்ட் 8-1ல "குடுத்தே ஆகணும்"னுச்சு, சுமார் 1,200 கோடி டாலர். ஆனா மூடினது மூடினதுதான்.

அபி: மெடிக்கெய்ட்?

கவிதா அத்தை: எனக்கு ஆத்திரம் வர்ற இடம் அது. அதே 2012 தீர்ப்புல, விரிவாக்கத்தை மாநிலங்கள் மேல கட்டாயப்படுத்தக் கூடாதுன்னு 7-2. செலவுல 90% மத்திய அரசு தரும், அப்படியும் 10 மாநிலம் இன்னும் ஏத்துக்கல. டெக்சாஸ், ஃபுளோரிடா, ஜார்ஜியா எல்லாம் அதுல. எல்லா மாநிலமும் சேரும்னு நம்பி, 100% வறுமைக்கோட்டுக்குக் கீழ சப்சிடி வேண்டாம்னு காங்கிரஸ் எழுதிடுச்சு. விளைவைப் பாரு. டெக்சாஸ்ல குழந்தை இல்லாத ஒத்தை ஆள், மாற்றுத்திறனாளி இல்ல, வருஷ வருமானம் 12,000 டாலர். மெடிக்கெய்ட் கிடையாது, சப்சிடியும் கிடையாது. அதே ஆள் 16,000 சம்பாதிச்சா சப்சிடி உண்டு. 2026க்கு கோடு 15,650 டாலர். அதிகமா ஏழையா இருக்கிறவனுக்கு ஒண்ணுமே இல்ல.

முரளி சித்தப்பா: யூட்டா, ஐடஹோ, நெப்ராஸ்கா, ஓக்லஹோமா, மிசூரி, தென் டகோட்டா, இதெல்லாம் ரிபப்ளிகன் கோட்டை. அங்க மக்கள் ஓட்டெடுப்பு வச்சு விரிவாக்கத்தைக் கொண்டுவந்தாங்க. டெக்சாஸ்லயும் ஜார்ஜியாலயும் மக்களா மனு போட்டு அப்படி ஓட்டெடுப்பு கொண்டுவர வழி இல்ல.

செந்தில் மாமா: ஜார்ஜியா 2023ல பாதி வழி போச்சு. மாசம் 80 மணி நேரம் வேலை இல்ல படிப்பு காட்டினா மெடிக்கெய்ட். எதிர்பார்த்ததுல சின்னப் பங்குதான் சேர்ந்தாங்க. வேலை செய்ய முடிஞ்சவங்க வேலை செய்யணுங்கிற கொள்கை எனக்கு உடன்பாடுதான். ஆனா கணக்குக் காட்டுற முறை மோசமா இருந்தா கொள்கை வீணாகும்.

கவிதா அத்தை: ஆர்கன்சாஸ்ல 2018ல அதுதான் ஆச்சு. ஆரம்பத்துல வெப்சைட்ல மட்டும்தான் மணிக்கணக்கு பதியணும், அந்த வெப்சைட்டும் ராத்திரி 9லிருந்து காலை 7 வரை மூடியிருக்கும். பகல் முழுக்க வேலைக்குப் போறவன் எப்ப பதிவான்? சில மாசத்துல 18,000க்கு மேல ஆளுங்க வெளிய போனாங்க. பெரும்பாலானவங்க ஏற்கனவே வேலை பார்த்தவங்க, இல்ல விலக்குக்குத் தகுதி உள்ளவங்க. 2019 மார்ச்ல நீதிபதி நிறுத்தினார். இப்ப 2025 ஜூலை 4ல கையெழுத்தான சட்டம் அதே 80 மணி நேரத்தை, விரிவாக்கம் பண்ண மாநிலங்களுக்கு 2027 ஜனவரி 1க்குள்ள கொண்டுவரச் சொல்லுது. அதுவும் ரிகன்சிலியேஷன் வழிதான்.

அபி: 2025ல அரசாங்கமே முடங்குச்சே, அதுவும் இதுக்குத்தானா?

முரளி சித்தப்பா: ஆமா. 2013ல ஒபாமாகேருக்குப் பணம் தரக்கூடாதுன்னு ரிபப்ளிகன் முடக்கினது 16 நாள். 2025ல சப்சிடியை நீட்டிச்சாத்தான் ஓட்டுன்னு டெமாக்ரட் நின்னு 43 நாள். பழைய சப்சிடிக்கு மேல கோவிட் காலத்துல 2021ல கூடுதலாச் சேர்த்த பகுதி அது. நீட்டிப்பு இல்லாம டிசம்பர் 31ஓட காலாவதி ஆச்சு. இங்க ரத்து பண்ண யாரும் ஓட்டே போட வேண்டியிருக்கல, தேதி வந்ததும் தானா போச்சு.

செந்தில் மாமா: நீட்டிக்கக் கூடாதுன்னவங்களோட வாதம்: பணம் நேரா இன்சூரன்ஸ் கம்பெனிக்குப் போகுது, ஆஸ்பத்திரி விலை குறையல. அதுல உண்மை இருக்கு. ஆனா ஒரு கோட்டைத் தாண்டினா சப்சிடி மொத்தமா நின்னுபோற பழைய வரம்பு திரும்பி வந்துச்சு, அது கொடுமை. வறுமைக்கோட்டுல 400%, ஒத்தை ஆளுக்கு 62,600 டாலர். 60 வயசு ஆள் 62,000 சம்பாதிச்சா அந்த ரெண்டாவது சில்வருக்கு வருமானத்துல 9.96%, மாசம் சுமார் 515 டாலர். 63,000 ஆனா முழு விலை, பல கவுண்டில (மாவட்டத்துல) மாசம் 1,000க்கு மேல. ட்ரெடிஷனல் ஐஆர்ஏங்கிற ஓய்வுக்காலக் கணக்கு, எச்எஸ்ஏங்கிற மருத்துவச் சேமிப்புக் கணக்கு, இதுல போட்டு வருமானத்தைக் கோட்டுக்குக் கீழ கொண்டுவரலாம். 2026லிருந்து இந்தச் சட்டத்தோட இன்சூரன்ஸ் சந்தையான மார்க்கெட்பிளேஸ்ல வாங்குற ப்ரான்ஸ் பிளானுக்கெல்லாம் எச்எஸ்ஏ உண்டு. கோட்டைத் தாண்டிட்டா முன்கூட்டி வாங்கின சப்சிடி முழுக்கத் திருப்பிக் கட்டணும். சின்ன வருமானக்காரங்களுக்கு முன்னாடி இருந்த உச்சவரம்பும் 2026 வருமானத்திலிருந்து எடுத்தாச்சு.

பெரியப்பா: நான் எல்லாத்தையும் படிச்சிட்டுத்தான் இருக்கேன். எங்களுக்கு கிரீன் கார்டு வந்துச்சுன்னா இந்த சப்சிடி கிடைக்குமா?

கவிதா அத்தை: அண்ணா, வந்து இறங்கின 60 நாளுக்குள்ள மார்க்கெட்பிளேஸ்ல பதியணும், தவறினா நவம்பர் வரை காத்திருக்கணும். சர்க்கரை, பிரஷர் இருக்குன்னு யாரும் மறுக்க முடியாது, அது முதல் கால். ஆனா புதுசா வந்தவங்க வருமானம் வறுமைக்கோட்டுல 100%க்குக் கீழ இருந்தாலும் சப்சிடி தந்த விதிவிலக்கு 2026லிருந்து இல்ல.

பெரியப்பா: பென்ஷன் வருதே?

செந்தில் மாமா: அத்தான், இந்தியப் பென்ஷனும் வட்டியும் அங்க வரிக்கணக்குல வரும், அதனால பையனோட சேராம நீங்களும் அக்காவும் சேர்ந்து ஃபைல் பண்ணா ரெண்டு பேருக்கான வறுமைக்கோட்டைத் தாண்டுதான்னு பார்க்கணும். பையன் உங்களை டிபெண்டன்ட்டா காட்டினா அவன் குடும்ப வருமானம் மொத்தமும் கணக்குல வந்துடும். வரி ஃபைல் பண்றதுக்கு முன்னாடி ரெண்டு விதமாவும் போட்டுப் பார்க்கச் சொல்லுங்க. பென்ஷன் தொகையை எனக்குத் தனியா அனுப்புங்க, கணக்கு போட்டுத் தர்றேன்.