தைராய்டு மாத்திரை போட்டும் டிஎஸ்ஹெச் அதிகம், ஃப்ரீ டி4-உம் அதிகம், எப்படி?

லெவோதைராக்ஸின் 75 மைக்ரோகிராம் அஞ்சு மாசமா எடுக்கறேன், போன வாரம் பாத்ததுல டிஎஸ்ஹெச் (தைராய்ட வேலை செய்யத் தூண்டற ஹார்மோன்) 6.8, ஆனா ஃப்ரீ டி4 (ரத்தத்துல இருக்கற தைராய்டு ஹார்மோன்) ரேஞ்சுக்கு கொஞ்சம் மேல இருக்கு. டிஎஸ்ஹெச் டோஸ் பத்தலங்குது, டி4 ஜாஸ்திங்குது, எதை நம்பறதுன்னே தெரியல. நடுநடுவுல மாத்திரை மறந்துருக்கேன், ஆனா டெஸ்டுக்கு முந்தின வாரம் ஒழுங்கா போட்டேன். பயமா இருக்குங்க.

— அன்னிக்கு மாத்திரை போட்டுட்டா ரத்தம் குடுத்தீங்க?

— ஆமாங்க, போட்டு ரெண்டு மணி நேரம் இருக்கும்.

— அப்ப பயப்படாதீங்க. மாத்திரை போட்ட 2-4 மணி நேரத்துல டி4 உச்சத்துல இருக்கும், அதான் ஏறி தெரியுது. டிஎஸ்ஹெச் அப்படி சட்டுனு மாறாது, மூளைக்கு அடியில இருக்கற பிட்யூட்டரி சுரப்பி அதை சுரக்குது, டோஸுக்கு ஏத்த மாதிரி நிலைக்கு வர 6 வாரமாவது ஆகும், அதனால நீங்க மறந்த நாளெல்லாம் இன்னும் அதுல தெரியுது. எனக்கும் இதே மாதிரி வந்துச்சு, டாக்டர் டோஸ ஏத்தாம, 6 வாரம் விடாம போட்டுட்டு திரும்ப பாக்க சொன்னாங்க, சரியாயிடுச்சு. அடுத்த தடவை ரத்தம் குடுத்துட்டு மாத்திரை போடுங்க. மறந்தத டாக்டர்கிட்ட மறைக்காதீங்க, ப்ளீஸ், தெரியாம டோஸ் ஏத்திட்டா அப்புறம் படபடப்பு வந்துரும்.

— கால்சியம், இரும்புச்சத்து மாத்திரை இருந்தா 4 மணி நேரம் தள்ளி போடுங்க, தைராய்டு மாத்திரைய உடம்பு சரியா உறிஞ்ச விடாது. முடிக்கு பயோட்டின்ங்கற வைட்டமின் எடுத்தா டெஸ்டுக்கு 2 நாள் முன்னாடியே நிறுத்திடுங்க, சில லேப் முறைல ரிசல்ட்டே தப்பா வரும்.

— கால்சியம் கூடவேதான் போட்டுட்டு இருந்தேன்! நாளைக்கே டாக்டர்கிட்ட எல்லாத்தையும் சொல்லிடறேன், ரொம்ப நன்றிங்க.