இலங்கையின்ட கிழக்குப் பக்கம் அறுகம்பைக்குக் கிட்ட இருக்கிற பழைய பௌத்த இடங்கள், குடும்பிகல மலைக்குகை மடம், மகுல் விகாரைப் பக்கம் போனாக்கள் உங்கட அனுபவத்தச் சொல்லுங்க

கல்லடியான்:
அறுகம்பைக்குப் போறாக்கள் கடல்ல குளிச்சி றொட்டியும் திண்டுட்டு அப்பிடியே திரும்பிருறாங்க, பாணமையத் தாண்டுறது குறைவு. கதிர்காமத்துக்கு நடந்து போறாக்களுக்கு அந்த ரோட்டு நல்லாத் தெரியும், ஆனா உகந்தை முருகன் கோயிலுக்குப் போய்ச் சேரணும் எண்ட அவசரத்தில குடும்பிகலயத் தாண்டி நடந்துருவம். போன லீவுக்கு மனிசியையும் மாமியையும் கூட்டிட்டு அதுக்கெண்டே போனன்.

பாணமைக்கு அங்கால கிறவல் ரோட்டு, ரெண்டு பக்கமும் காடு, ஆனை லத்தி சூடு ஆறாமக் கிடந்திச்சி. கீழ செருப்பக் கழட்டிட்டு பாறைக்கு நடுவால நடந்தா சுதர்சன குகை வரும். உள்ள புத்தர் சிலை. குகை வாய்க்கு மேல மழைத்தண்ணி உள்ளுக்கு வழியாம கல்லிலயே நீளத்துக்கு ஒரு விளிம்பு வெட்டி விட்டிருக்கு, அதுக்குக் கீழ பிராமி எழுத்து. ரெண்டாயிரம் வருசத்துக்கு முந்தி செஞ்ச வேலை, எங்கட வீட்டு சன்சைட் போன வருசம் போட்டது, இப்பவே ஒழுகுது.

அதில இலை கூட்டிக்கிட்டு நிண்ட வயசான ஹாமதுரு (புத்த பிக்கு) ஒராள் நாங்க கதைக்கிறதக் கேட்டுட்டு தமிழிலயே எந்த ஊர் எண்டு கேட்டார். பாணமை ஆளாம். அந்த ஊர்ல சிங்களமும் தமிழும் கலந்துதானே, சின்னதிலயே ரெண்டும் வந்திட்டாம். மாமிட முழங்காலப் பாத்துட்டு "அம்மா நீங்க மேல ஏற வேணாம், இதில இருங்க" எண்டார். மறுகா மாமி அவரோட கதைக்கத் தொடங்கிட்டா, பாணமையில பத்தினித் தெய்யோவுக்கு அங்கெலிய நடக்கும் எண்டு அவர் சொல்ல, இது எங்கட கண்ணகி அம்மனுக்குக் கொம்புமுறி மாதிரித்தானே எண்டு மாமி கேக்க, ரெண்டு கொம்பையும் கொழுவி ரெண்டு கட்சியா நிண்டு இழுக்கிறது, தோத்த பக்கத்துக்கு வசவு பாடுறது எண்டு ரெண்டு பேரும் ஒரே கதை. நாங்க உச்சிக்கு ஏறி உருளை மாதிரி நிக்கிற அந்தத் தாதுகோபத்தையும் பாத்து, ஒரு பக்கம் கடலும் மற்றப் பக்கம் குமண காடும் போட்டோ எடுத்துட்டு இறங்கி வந்தும் கதை முடியல்ல. மாமிக்கு மலை ஏறாத கவலையே இல்ல.

தம்பிலுவில் பொடியன்:
அண்ணே அப்பிடியே மகுல் மகா விகாரைக்கும் போயிருக்கலாம், பொத்துவில்ல இருந்து மொனராகலை ரோட்டால லாகுகலப் பக்கம். அங்க படிக்கட்டுக்குக் கீழ அரைவட்டமாச் செதுக்கின சந்திரவட்டக்கல் ஒண்டு இருக்கு, குனிஞ்சி பாருங்க, வரிசையாப் போற ஆனைக்கு மேல பாகன் இருக்கிறான், மற்ற இடத்துல வெறும் ஆனைதான். சிங்கள ராசா துட்டகைமுனுட தாய் விகாரமகாதேவிக்கு அங்கதான் கலியாணம் நடந்தெண்டு எல்லாரும் சொல்றாங்க. ஆனா அங்க நிக்கிற கல்வெட்டு தாதுசேனன் கட்டின விகாரை எண்டும், 14ஆம் நூற்றாண்டுல பராக்கிரமபாகு எண்ட பேர்ல ரெண்டு சகோதர ராசாமாருட ராணி திருத்தினா எண்டும் சொல்லுது, அந்த ராணிட பேரும் விகாரமகாதேவி! எனக்கெண்டா பேர் ஒண்டா இருந்ததாலதான் கலியாணக் கதை ஒட்டிக்கிட்டு எண்டு படுது, சண்டைக்கு வராதீங்க.

பின்னேரம் திரும்பி வரக்குள்ள லாகுகல குளத்தில ஆனைக்கூட்டம் புல்லுத் திண்டுக்கிட்டு நிண்டிச்சி. மோட்டசைக்கிள நிப்பாட்டிப் பாத்துக்கிட்டு நிக்க, பின்னால ரோட்டுல தனியன் ஒண்டு குறுக்கால வந்திட்டு. கூட்டாளி எஞ்சின ஸ்டார்ட் பண்ணப் போனான், லொறிக்கார ஐயா ஒராள் கைய ஆட்டி வேணாம் எண்டார். காதை விரிச்சிக்கிட்டு கொஞ்ச நேரம் எங்களயே பாத்துட்டு அது காட்டுக்குள்ள இறங்கிட்டு. உயிர் வந்தது அதுக்குப் பிறகுதான்.

அக்கரைப்பற்று தங்கச்சி:
குடும்பிகலக்கு பஸ் இருக்கா? வாப்பா உம்மாவக் கூட்டிப் போகலாமா?

கல்லடியான்:
பஸ் பாணமையோட சரி தங்கச்சி, அங்கால ஓட்டோ பேசித்தான் போகணும், திரும்பி வாறதுக்கும் சேத்துப் பேசுங்க, அங்க நிண்டு ஓட்டோ பிடிக்கேலாது. வெள்ளன போங்க, பத்து மணிக்குப் பிறகு பாறையில வெறுங்கால் வைக்கேலாது. குகை வரைக்கும் வாப்பா உம்மா தாராளமா நடப்பாங்க. சாப்பாட்டுப் பைய மட்டும் குரங்குக்குக் காட்டாதீங்க.