உப்புவெளியில் மழை படாத திருகாணிகளே முதலில் கறள் பிடிக்கின்றன: மாற்றுவதற்கு எதை வாங்க வேண்டும்?

கேள்வி: உப்புவெளி வீட்டுக்காரர்

வணக்கம். கடற்கரையிலிருந்து ஏறத்தாழ இருநூறு மீற்றர் தூரத்தில் எங்கள் வீடு இருக்கிறது. 2020 டிசம்பர் 2ஆம் திகதி இரவு புரெவி புயல் திருகோணமலைக்கு வடக்கே கரையைக் கடந்தபோது முன் விறாந்தையின் பழைய தகரக் கூரை பறந்துவிட்டது. அடுத்த ஆண்டு பொக்ஸ் பாரில் (உள்ளே பொள்ளலான சதுர இரும்புக் குழாயில்) சட்டம் அமைத்து, நிறம் பூசிய சிங்க்-அலுமினியத் தகடு அடித்தோம். தகடு இன்றும் நன்றாகவே இருக்கிறது, திருகாணிகள்தாம் போய்விட்டன.

எனக்கு விளங்காத விடயம் ஒன்று உண்டு. விறாந்தைத் தகட்டின் மேல்வரிசை, வீட்டின் ஓட்டுக் கூரை இறவாரத்துக்கு அடியில் ஓர் அடி அளவுக்கு உள்ளே போகிறது. அங்கே மழைத்துளி விழுவதே இல்லை. அந்த வரிசையில் ஒரு திருகாணியை விரலால் தள்ளிப் பார்த்தபோது அதன் தலை உடைந்து கையோடு வந்துவிட்டது. வெளியே மழையிலும் வெயிலிலும் கிடக்கும் திருகாணிகளோ நிறம் மங்கியதைத் தவிர உறுதியாகவே இருக்கின்றன. விறாந்தைக்குள் தூண்களையும் பொக்ஸ் பாரையும் இணைக்கும் போல்ட்டுகளும் செம்மண் நிறத்துக்கு வந்துவிட்டன.

விலை பல மடங்கானாலும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் வாங்கிவிட்டால் கவலை இல்லை என்கிறார் கடைக்காரர். பழைய வகையையே அடித்து, மேலே சிலிக்கன் பூசினால் போதும் என்கிறார் மேசன். இதே கூரையை வாகனம் நிறுத்துவதற்காகப் பன்னிரண்டு அடி நீட்டவும் எண்ணியிருப்பதால், இரண்டாவது முறையும் பிழை விடாமல் செய்ய விரும்புகிறேன். அனுபவம் உள்ளவர்கள் தயவுசெய்து வழிகாட்டுங்கள்.

பதில்: துறைமுகத்தில் பிற்றராக இருந்தவர்

தம்பி, நீங்கள் கண்டது சரியான காட்சி, காரணம் மழைதான். கடற்காற்று கொண்டுவரும் உப்பு எல்லாத் திருகாணிகளிலும் ஒரே அளவில்தான் படிகிறது. வெளியே இருப்பதை மாரி மழை கழுவிவிடுகிறது. இறவாரத்துக்கு அடியில் இருப்பதில் அது ஆண்டுக்கணக்கில் சேர்ந்துகொண்டே போகிறது. உப்பு தானாகவே ஈரத்தை இழுக்கும் என்பதையும் கவனியுங்கள். காற்றின் ஈரப்பதன் எழுபத்தைந்து சதவீதத்தைத் தாண்டினாலே சோற்றுப்பு கசியத் தொடங்கும். கடலுப்பில் கலந்திருக்கும் மக்னீசியம் குளோரைட்டு அதற்கு வெகு கீழேயே கசிந்துவிடும். ஆகவே மழை குறைந்த கச்சான் (தென்மேற்குக் காற்று) காலத்திலும் அந்த வரிசை இரவு முழுவதும் உப்புநீரில் நனைந்தபடிதான் இருக்கிறது.

கடையில் மினுமினுப்பாகக் கிடைக்கும் சாதாரணத் திருகாணிக்கும் போல்ட்டுக்கும் மின்முலாம் முறையில் பூசிய நாகம் (சிங்க்) ஐந்து முதல் பன்னிரண்டு மைக்ரோன் வரைதான் இருக்கும். உருகிய நாகத்தில் முக்கி எடுத்த போல்ட்டில் அது பொதுவாக நாற்பது மைக்ரோனுக்கு மேல் இருக்கும். நாகம் தன்னைக் கரைத்துக்கொண்டுதான் இரும்பைக் காக்கிறது. எனவே அதன் தடிப்புத்தான் அதன் ஆயுள். முக்கி எடுத்தது மங்கிய சாம்பல் நிறத்தில் சற்றுச் சொரசொரப்பாக இருக்கும். மினுக்கத்தைப் பார்த்து ஏமாறாதீர்கள்.

பதில்: நிலாவெளியில் கூரை வேலை செய்பவர்

மேலே ஐயா சொன்னதை அப்படியே ஏற்கிறேன். ஆனால் உங்கள் தகட்டுக்கு ஸ்டெயின்லெஸ் திருகாணி வேண்டாம் என்பதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. இரண்டு உலோகங்கள் உப்பு ஈரத்தில் தொட்டுக்கொண்டிருந்தால், அவற்றுள் எளிதில் அரிபடுவது மற்றதற்காகக் கரையும். ஸ்டெயின்லெஸ் திருகாணியைச் சுற்றியுள்ள சிங்க்-அலுமினியப் பூச்சு அப்படித்தான் கரைகிறது. திருகாணி புதிதுபோல் நிற்க, அதைச் சுற்றித் தகடு ஓட்டையாகும். திருகாணியை ஒரு மணித்தியாலத்தில் மாற்றலாம், தகட்டை மாற்ற முடியாது. இவ்வகைத் தகடு தயாரிப்பவர்களும் பொதுவாக இதனைத் தவிர்க்கும்படியே அறிவுறுத்துகிறார்கள்.

கடைக்காரர் ஸ்டெயின்லெஸ் என்று காட்டும் திருகாணியில் ஒரு காந்தத்தை வைத்துப் பாருங்கள். தானே துளைக்கும் திருகாணிக்குக் கடினமான முனை வேண்டும் என்பதால் அவற்றில் பெரும்பாலானவை 410 என்னும் வகையில் செய்யப்படுகின்றன. அதைக் காந்தம் இறுக இழுக்கும். கடற்காற்றில் அது கறளும் பிடிக்கும். 316 வகையில் இரண்டு முதல் மூன்று சதவீதம் மொலிப்டினம் இருப்பதால் உப்பைத் தாங்கும், ஆனால் அது இரும்பைத் துளைக்காது. அதனால் நல்ல தயாரிப்புகளில் முனைக்கு மட்டும் சாதாரண உருக்கை ஒட்டியிருப்பார்கள். நீட்டும் பகுதிக்கு முழு அலுமினியத் தகடு போடுவதாக இருந்தால் அந்த 316 பொருந்தும்.

இப்போதுள்ள தகட்டுக்கு, ஆஸ்திரேலியத் தரமான ஏஎஸ் 3566இன்படி கறளைத் தாங்குவதில் நான்காம் வகுப்புத் திருகாணி வேண்டும் என்று கேட்டு வாங்குங்கள். வொஷரின் றப்பர் ஈபிடிஎம் என்னும் வெயில் தாங்கும் செயற்கை வகையாக இருக்க வேண்டும், சாதாரண றப்பர் எங்கள் வெயிலில் வெடித்துவிடும். தகட்டு மேட்டின் உயரம், வொஷர், பொக்ஸ் பாரின் தடிப்பு ஆகியவற்றைக் கூட்டி, அதற்கு அப்பால் குறைந்தது மூன்று புரிகளாவது வெளியே தெரியும் நீளத்தைத் தெரிவுசெய்யுங்கள். பழைய துளையில் அதே பருமனுள்ள திருகாணி பிடிக்காது என்பதால் 12ஆம் இலக்கத்துக்குப் பதிலாக அதைவிடப் பருத்த 14ஆம் இலக்கத்தைப் போட வேண்டும். சிலிக்கனைப் பொறுத்தவரை, கறள் பிடித்த தலையை மூடினால் உப்பும் ஈரமும் உள்ளேயே அடைபடும்.

மறுமொழி: உப்புவெளி வீட்டுக்காரர்

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. இன்று காலை கடைக்குக் காந்தத்தோடு போனேன். அவர் காட்டிய ஸ்டெயின்லெஸ் திருகாணி மேசையிலிருந்து துள்ளி அதில் ஒட்டிக்கொண்டது. நான்காம் வகுப்பை வரவழைத்துத் தருவதாக அவரே ஒப்புக்கொண்டார்.

இன்னும் ஒரு சந்தேகம். நீட்டும் பகுதியின் ஒரு பக்கம் கொங்கிறீற்றுத் தூண்களிலும், மறுபக்கம் சீமெந்துக் கல் மதிலிலும் தாங்கி நிற்கப் போகிறது. இரண்டிலும் விரிந்து பிடிக்கும் அங்கர் போல்ட் போடலாமா?

பதில்: கிண்ணியா மேசன்

சீமெந்துக் கல்லில் போடவே கூடாது. உள்ளே பொள்ளலாக இருக்கும் கல்லில் போல்ட் விரியும்போது பக்கச் சுவர் நொறுங்கும். அப்போது இறுகியதுபோல் தோன்றினாலும், புயற்காற்று கூரையை மேலே தூக்கும் நாளில் கல்லோடு பெயர்ந்து வரும். காற்று கூரையை அழுத்துவதைவிடத் தூக்குவதே ஆபத்து, அதிலும் ஓரங்களிலும் மூலைகளிலும் அந்த இழுவை மிக அதிகம். ஆகவே மதிலின் மேல் கம்பி கட்டிக் கொங்கிறீற்று வளை ஒன்றை ஊற்றி, அதைக் கீழே அத்திவாரம் வரை தூண் கம்பிகளோடு இணைத்து, போல்ட்டுகளை ஊற்றும்போதே உள்ளே நிறுத்திவிடுங்கள்.

ஏற்கெனவே உள்ள தூண்களில் துளையிட்டுப் போடலாம். விளிம்புக்கு அருகே விரியும் போல்ட் கொங்கிறீற்றைப் பிளக்கும் என்பதால், மெல்லிய தூணில் இரசாயனப் பசையிட்டு நிறுத்தும் கம்பியே நல்லது. துளையிலுள்ள தூசியைத் தூரிகையால் தேய்த்து, ஊதி, மறுபடியும் தேய்த்து ஊதுங்கள். தூசியில் பசை ஒட்டாது.

முக்கி எடுத்த போல்ட்டை வாங்கும்போது அதற்குரிய நட்டையும் சேர்த்தே வாங்குங்கள். தடித்த நாகத்துக்கு இடம்விட்டு அந்த நட்டின் புரி சற்று அகலமாக வெட்டப்பட்டிருக்கும். சாதாரண நட் ஏறவில்லை என்று போல்ட்டின் புரியை மறுபடி வெட்டிக் கொடுப்பார்கள், அதை ஏற்காதீர்கள். நீங்கள் பணம் கொடுத்து வாங்கிய நாகம் முழுவதும் அவர்களுடைய தரையில் கொட்டிவிடும்.

மறுமொழி: உப்புவெளி வீட்டுக்காரர்

தெளிவாக விளங்கியது. வாடை மழைக்கு முன் பழைய திருகாணிகளைக் கழற்ற வேண்டும். எல்லாவற்றையும் ஒரே நாளில் கழற்றலாமா?

பதில்: நிலாவெளியில் கூரை வேலை செய்பவர்

வேண்டாம். ஒன்றைக் கழற்றி, துளையைச் சுற்றியுள்ள கறளைச் சுரண்டி, நாகம் மிகுந்த பிறைமர் பூசிக் காயவிட்டு, புதியதைப் போட்ட பிறகே அடுத்ததற்குச் செல்லுங்கள். இறவாரத்து வரிசையிலிருந்து தொடங்குங்கள். றப்பர் வொஷரின் விளிம்பில் இலேசாக எட்டிப் பார்க்கும் அளவோடு முறுக்குவதை நிறுத்த வேண்டும். பிதுங்கி வழிந்தால் அது கிழிந்துவிட்டது என்று பொருள். துளைக்கும்போது விழும் இரும்புச் சுருள்களை அன்று மாலையே மென்மையான தும்புத்தடியால் கூட்டி எடுங்கள், ஓர் இரவுப் பனியிலேயே அவை தகட்டில் கறள் புள்ளிகளைப் பதித்துவிடும். அதன்பின் கச்சான் காலத்தில் மாதம் ஒருமுறையாவது, மழை படாத அந்த வரிசைக்கும் விறாந்தை உட்புறப் போல்ட்டுகளுக்கும் குழாயால் நல்ல தண்ணீர் அடித்துவிடுங்கள்.