38 பிள்ளைகள், ஒரே போன்: எல்லோரையும் பதில் சொல்ல வைப்பது எப்படி?

கேள்வி: மேலூர் பக்கம் அரசுப் பள்ளி, எட்டாம் வகுப்பு அறிவியல். என்ன கேட்டாலும் முன்பெஞ்சு நாலு பேர்தான் கை தூக்குகிறார்கள். பிள்ளைகளிடம் போன் கிடையாது. வழி உண்டா?

பதில் 1: டீச்சர், பிளிக்கர்ஸ் (Plickers) அட்டை போதும்; உங்க போனில் அந்த ஆப் இருந்தால், அட்டையில் அச்சிட்ட கறுப்புக் கட்டத்தை கேமரா வழியே படித்துவிடும். 40 அட்டை கொண்ட செட்டை இலவசமாக இறக்கி, கெட்டித் தாளில் பிரிண்ட் எடுத்து, ரோல் நம்பர்படி கொடுங்க. அட்டையின் நாலு பக்கமும் ஏ, பி, சி, டி. தன் விடை மேலே வரும்படி பிடிக்கணும்; உங்க போன் கேமராவை வகுப்பு முழுக்க மெதுவாக ஓட்டினால் யார் என்ன சொன்னார் என்று வந்துவிடும். பளபள லேமினேஷன் மட்டும் வேண்டாம், ஜன்னல் வெளிச்சம் பட்டால் கேமரா படிக்காது. விரல் கறுப்புக் கட்டத்தை மறைத்தாலும் அதே கதிதான்.

பதில் 2: விடையை உடனே உடைச்சிடாதீங்க. ஹார்வர்டு பேராசிரியர் எரிக் மஸூரின் முறைப்படி, 30 முதல் 70 சதவீதம் பேர் சரியாகச் சொன்னால், வேறு விடை சொன்னவரோடு 2 நிமிடம் விவாதிக்க விட்டு மறுபடி அட்டை தூக்கச் சொல்லுங்க. 30-க்குக் கீழே போனால் விவாதம் வீண், பாடத்தையே திரும்ப நடத்தணும். கேள்வி யோசிக்க வைக்கணும்: குடத்திலும் அண்டாவிலும் ஒரே உயரத்துக்குத் தண்ணீர், அடியில் அழுத்தம் எதில் அதிகம்? பாதிப் பேர் அண்டா என்பார்கள், இரண்டிலும் ஒன்றுதான். அங்கேதான் பேச்சு சூடு பிடிக்கும்.

பதில் 3: சிக்னல் இல்லாத நாளுக்கு நாலு கலர் அட்டை வச்சுக்கோங்க. "ஒண்ணு, ரெண்டு, மூணு" என்றதும் எல்லோரும் ஒரே நேரத்தில், நெஞ்சோடு ஒட்டிப் பிடிக்கணும். தலைக்கு மேல் தூக்கினால் பின்பெஞ்சு பார்த்து மாத்திடும்.